மாடியில் ஒரு ரூம்

"ரூம் போட்டுடலாங்க ஐயா. ஏறிப் போறதுக்குத்தான் வழியில்ல" என்றான் இன்ஜினியர் பிரவீன்குமார்.

ராஜாங்கம் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். திண்டிவனத்தில் அவர் கட்டிய வீடு ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை. பக்கத்தில் பூனை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. பெட்ரூமை மகன் இளவழகனுக்கும் மருமகள் துர்காவுக்கும் விட்டுவிட்டு, அவரும் மனைவி தனமும் ஹாலில் படுத்தார்கள். இளவழகனுக்கு வேலை விழுப்புரத்தில். ஆனி மாதம் பிறந்ததும், "அங்கயே வீடு பாக்கறேம்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். அவ்வளவுதான், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே பிள்ளை. அவனும் தனிக்குடித்தனம் போய்விட்டால் அப்புறம் யாருக்கு இந்த வீடு? மாடியில் ஒரு ரூம் போட்டுக் கொடுத்தால் நிற்பான் என்று மறுநாளே இன்ஜினியரைக் கூப்பிட்டுவிட்டார்.

"சந்துல படி வச்சா பக்கத்து வீட்டு அடுப்பங்கரையிலதான் போய் எறங்கணும்" என்றான் பிரவீன்குமார்.

சமையலறையிலிருந்து தனம் எட்டிப் பார்த்தாள். "ஹாலுக்குள்ளயே வையேம்பா."

"ஏய், அப்புறம் நாம எங்க படுக்கறது?"

"படிக்குக் கீழதான். நமக்கு இன்னா, வயசாயிடுச்சி."

ராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாதவள், பிள்ளைக்காக எவ்வளவு இறங்கி வருகிறாள்!

படி உள்ளே வந்ததும் மழை உள்ளே இறங்காமல் அதற்கு மேலே மூடி ஒரு ஹெட்ரூம் வேண்டும் என்றான் பிரவீன்குமார். கணக்குப் போட்டால் ரூமை விட ஹெட்ரூமுக்குத்தான் செலவு அதிகம். ராஜாங்கம் பெருமூச்சு விட்டுச் சரி என்றார். பாத்ரூமுக்கு ராத்திரியில் இறங்கி ஏற முடியாது என்றாள் துர்கா. அதுவும் நியாயம்தான்.

"அப்படியே சமையக்கட்டும் மேலயே வச்சிடு. பாவம், அது எத்தினி வாட்டி ஏறி எறங்கும்?" என்றாள் தனம்.

பிரவீன்குமார் செல்போனில் தட்டித் தட்டிக் கூட்டினான். முதலில் சொன்ன தொகை இரண்டு மடங்காகி நின்றது. கடன் வாங்காமல் முடியாது.

"கீழ வாடகைக்கு விட்டா தவணை அதுபாட்டுக்குக் கட்டிக்கும்" என்றாள் தனம், வெங்காயம் உரித்துக்கொண்டே.

"அப்போ நாம?"

"மேல."

"மேல ஒரே ரூம்தானடி!"

"அதான் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன்."

"மேல ஹால்ல படுத்துக்கறோம்பா" என்று இன்ஜினியரிடம் கெஞ்சினார் ராஜாங்கம்.

"மேல ஹாலே இல்லீங்களே ஐயா. நீங்க கேட்டது ரூம்தான?"

இளவழகனுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குப்பா இவ்ளோ பேஜாரு? நாங்களே வெளிய போயிடறோம்."

"வாய மூட்றா! நீ வெளிய போகக்கூடாதுன்னுதான்டா இவ்ளோ பேஜாரும்!"

ஆவணியில் வேலை ஆரம்பித்தது. படிக்காக ஹால் கூரையை வெட்டிய அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மகனும் மருமகளும் பெட்ரூமில் தூங்க, ராஜாங்கமும் தனமும் சொந்த வீட்டு ஹாலில் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்வீட்டுக்கு வரப்போகிறவரிடம் அட்வான்ஸ் வாங்கிக் கடப்பாக் கல்லுக்கும் கம்பிக்கும் கொடுத்தாகிவிட்டது. இனி திரும்ப முடியாது.

"விழுப்புரத்துல ஸ்டேஷன் பக்கம் ஒரு போர்ஷன் இருக்குதாம், யாரோ சொன்னாங்க" என்றாள் தனம். "அங்க போயிட்டா பையன் மத்தியானம் வந்து சோறாவது துன்னுட்டுப் போவான்."

ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளையைத் தனிக்குடித்தனம் அனுப்பாமல் இருக்க ஆரம்பித்த வேலை, கடைசியில் பெற்றவர்களைத் தனிக்குடித்தனம் அனுப்புகிறது. ஊரில் யார் முகத்தில் விழிப்பது?

வேலை முடிந்து கீழ்வீட்டுக்கு ஆள் வந்த அன்றைக்கு இவர்கள் கிளம்பினார்கள். இரண்டு பெட்டி, ஒரு ஸ்டவ், ஒரு பாய். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் குலுங்கியது.

"அழாத தனம். எல்லாம் என்னாலதான். வயசான காலத்துல உன்ன வீடில்லாம ஆக்கிட்டேன்."

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். விழுப்புரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பெட்டிகளோடு நசுங்கி, அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் மறுபடியும் துண்டை எடுத்தார்.

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா கலைமதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா! சித்திரையிலயே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனீங்க, ஆளயே காணோமேன்னு பாத்துக்கினு இருந்தேன். ஒருவழியா அண்ணன அந்த வீட்ட வுட்டுக் கெளப்பிட்டீங்களா?"