சேவைச் சங்கத்தில் ஒரு கழுதைப்புலி

ஒரு காட்டில் வசதியான பிராணிகள் சில சேர்ந்து ஒரு சேவைச் சங்கம் நடத்திவந்தன. திங்கட்கிழமைதோறும் கூட்டம். எல்லோரும் எழுந்து நின்று, “உண்மையே பேசுவோம், தன்னலம் கருதோம், எவரையும் ஒதுக்கோம்” என்று உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு டிபன்.

ஒருநாள் தலைமையிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இதுவரை ஒதுக்கப்பட்ட ஒருவரையாவது சேர்க்காத சங்கத்துக்கு இனி விருது கிடையாதாம்.

தலைவர் தணிகாசலம் ஒரு கடமான். பதறிப்போனார். “நாமதான் யாரையும் ஒதுக்கினதே இல்லையே! இப்ப ஒதுக்கப்பட்ட ஆளுக்கு எங்கே போறது?”

செயலாளர் குமரகுரு என்ற கீரி சொன்னார்: “ஓடைக்கு அந்தப் பக்கம் வீராயின்னு ஒரு கழுதைப்புலி பிள்ளைங்களோட இருக்கு தலைவரே. செத்ததைத் தின்னு காட்டைச் சுத்தமா வெச்சிருக்கு. நம்ம பக்கம் யாரும் சேர்த்துக்கிட்டதில்லை.”

“அருமை! உடனே சேர்த்துடுங்க.”

வீராயி ஓடையில் மூன்று முறை முழுகிவிட்டு வந்தாள். சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். “காத்து நல்லா வரும்மா” என்று வாசலோரம் நாற்காலி போட்டார்கள். அவளுக்கு அதுவே பெருமையாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் வாரம், கூட்டத்தின் நடுவில் எழுந்தாள்.

“தலைவரே, மேட்டுக்குளத்துல காட்டுப்பன்னி செத்து மிதக்குது, குளமே நாறுது. தண்ணி குடிச்ச குட்டிங்க சுருண்டு கிடக்குதுங்க. நாலு பேர் வந்தா இழுத்துப் போட்டுடலாம்.”

எல்லோரும் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார்கள். புள்ளிமான் பூங்கோதை மட்டும் விசும்பினாள். சுருண்டு கிடந்ததில் ஒன்று அவள் குட்டி. ஆனால் அந்தக் குளத்துக்குத்தான் போன மாதம் சங்கம் தூய்மை விருது வாங்கியிருந்தது.

“உட்காருங்கம்மா” என்றார் தணிகாசலம். “இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல குளம் இல்லை. ‘ஒதுக்குதலை ஒழிப்போம்’ கருத்தரங்கு. நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும்.”

வீராயி விளக்கை ஏற்றவில்லை. குளத்துக்குப் போய், பொழுது சாயும்வரை தனியாகவே பன்றியை இழுத்துக் கரையேற்றினாள். தின்றது போக மிச்சத்தைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டாள். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. பூங்கோதையின் குட்டி எழுந்து நின்று பால் குடித்தது.

அடுத்த திங்களன்று வீராயிமேல் ஒழுக்கக் குழு விசாரணை.

“பன்றியைச் சாப்பிட்டீர்களா?” குமரகுரு கேட்டார்.

“சாப்பிட்டேன். அதுதானே என் சாப்பாடு?”

“சேவையில் தன்னலம். குளம் நாறுகிறது என்று சொன்னீர்களா?”

“நாறிச்சே!”

“விருது வாங்கிய குளம் நாறாது. ஆகவே பொய். மேலும், கருத்தரங்கை விட்டு எழுந்துபோய் எங்கள் அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டீர்கள்.”

மூன்று உறுதிமொழியும் மீறப்பட்டதால் நீக்கத் தீர்மானம் வந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். பூங்கோதையும் தூக்கினாள், தலையைக் குனிந்துகொண்டு.

வீராயி அவளை ஒரு நொடி பார்த்தாள். சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். “நாத்தம் எனக்குப் பழக்கந்தான் தலைவரே. இங்கதான் மூச்சு முட்டுது.” அன்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டாள்.

மறுமாதம் ஒரு காட்டெருமை அதே குளத்தில் விழுந்து செத்தது. சங்கம் அவசரமாகக் கூடி இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. உறுப்பினர்களுக்கு மட்டும் கேன் தண்ணீர் வரவழைத்தது.

நீதி: ஒதுக்கப்பட்டவர்களைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் சேவை செய்யத் தொடங்கினால் மட்டும் நடவடிக்கை எடுங்கள்.