மணிக்கூட்டு அண்ணையும் பத்தாவது கோடும்

உலகத்திலேயே நேரத்தை நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளை எனக்குத் தெரியும். ஹனோவரில் இருக்கிறார். இரண்டு கைகளிலுமாகச் சேர்த்து மூன்று கடிகாரம் கட்டுவார். ஒன்று ஜெர்மனி நேரம். இன்னொன்று, அவருடைய அக்கா இருக்கும் யாழ்ப்பாணத்து நேரம். மூன்றாவது எதற்கு என்று கேட்டால், "மற்ற ரெண்டும் ஒழுங்கா ஓடுதோ எண்டு பாக்க" என்பார்.

எங்கள் கல்லூரி விளையாட்டுக் கூடத்தின் பொறுப்பாளர் அவர். சாவி, விளக்கு, ஹீட்டர், ஒழுகும் குழாய் எல்லாம் அவர் கையில். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கடிகாரத்தை மணிக்கூடு என்பார்கள் என்பதால் அங்கே எல்லாருக்கும் அவர் மணிக்கூட்டு அண்ணை. கல்யாண அழைப்பிதழில் காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தால், எட்டு ஐம்பத்தைந்துக்கு மண்டப வாசலில் நிற்பார். மணப்பெண்ணே அப்போது குளிக்கப் போயிருக்க மாட்டாள். ஆள் சும்மா நிற்கிறாரே என்று யாராவது நூற்றைம்பது மடக்கு நாற்காலிகளையும் விரிக்கச் சொல்லிவிடுவார்கள். இப்படிக் கதிரை விரித்தே அவருக்கு முதுகுவலி வந்தது. அப்படியும் ஒன்பதரைக்குப் போகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நான் திருச்சியிலிருந்து மேல்படிப்புக்குப் போனவன். முதல் மூன்று மாதம் என்னோடு மனம்விட்டுப் பேசிய ஒரே ஜீவன் பயணச்சீட்டு இயந்திரம்தான். அந்த நிலைமையில் கல்லூரியில் முதல் முறையாக ஆண்கள் கூடைப்பந்து அணி தொடங்குகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடியவன் நான். பெஞ்சில் உட்கார்ந்து ஆடியவன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் கேப்டனாக்கிவிட்டார்கள்.

முதல் பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். வாசலில் நின்ற அண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தமிழ் முகம் என்று கண்டுகொண்டார்.

"தம்பி, இண்டைக்கு விட்டிட்டன். இனிமேல் பிந்தி வந்தா பேசுவன், சரியே?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தாமதமாக வந்தால் பேசுவாராம்! தமிழில் பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த வாரம் வேண்டுமென்றே இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். பேசினார். சுமார் பத்து நிமிடம், மூச்சு விடாமல். யாழ்ப்பாணத்தில் 'பேசுவது' என்றால் திட்டுவது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாதாரணமாகப் பேசுவதற்கு அவர்கள் 'கதைப்பது' என்பார்கள். அடுத்த வாரம் பத்து நிமிடம் முன்னாலேயே போனேன். கதைத்தார்.

அணியைப் பதிவு செய்யும் 'அன்ட்ராக்' என்ற விண்ணப்பத்தை அவருடைய அறையில் வைத்துத்தான் எழுதினேன். அதில் பத்துக் கோடுகள் இருந்தன. நாங்கள் ஒன்பது பேர். கோயம்புத்தூர் கார்த்திக், கொலோனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளை நிரோஜன், கதவு நிலையில் தினமும் தலை இடித்துக்கொள்ளும் யோனாஸ், இன்னும் நாலைந்து தேசத்து ஆட்கள். அண்ணை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பத்தாவது கோடு வெறுமையாக் கிடக்கு."

"ஒன்பது பேர்தான் அண்ணா."

"அன்ட்ராக்கில வெறுமை விடக் கூடாது தம்பி. நான் வந்த புதுசில ஒரு பெட்டியை வெறுமையா விட்டனான். எட்டு மாசம் அகதி முகாமில கிடந்தனான். கொண்டாரும் பேனையை."

பத்தாவது கோட்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பர்சில் எப்போதும் வைத்திருக்கும் பாஸ்போர்ட் படத்தையும் எடுத்து ஒட்டினார். கல்லூரியில் படிப்பவர், வேலை செய்பவர் யாரும் ஆடலாம் என்று விதி இருந்ததால் அலுவலகத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் பத்து வீரர் அட்டைகள் வந்து சேர்ந்தன. பத்தாவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பந்துப் பையின் அடியில் போட்டோம்.

சொந்த மைதானத்தில் ஆடும்போது கடிகாரத்தை இயக்க அந்த அணியே ஆள் வைக்க வேண்டும். எங்களுக்காகச் சனிக்கிழமை மத்தியானம் யார் வருவார்கள்? சாவியோடும் மூன்று கடிகாரத்தோடும் ஏற்கெனவே அங்கே நின்றவரை மேசையில் உட்கார வைத்தோம்.

முதல் ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதினார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் ஊதினார். ஓடியது. நடுவர் மேசைக்கே வந்து ஜெர்மன் மொழியில் விளக்கினார். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"விசில் ஊதினா நேரத்தை நிப்பாட்டட்டாம். இவருக்கென்ன விசரே?"

"ஆமாண்ணா, கூடைப்பந்துல அப்படித்தான். பந்து நின்னா நேரமும் நிக்கும்."

"நான் இந்த நாட்டில முப்பது வருசம். எனக்காக ஒருத்தனும் ஒரு நிமிசம் நிப்பாட்டேல்ல."

சொல்லிவிட்டு, பொத்தானில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அழுத்தினார். பலகையில் இலக்கங்கள் அப்படியே நின்றன. அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. முதல் தடவையாகக் கடலைப் பார்த்த குழந்தையின் முகம் அது. அன்றிலிருந்து விசில் வாய்க்குப் போகும் முன்பே நிறுத்திவிடுவார். டைம் அவுட் கேட்கக் கைகளால் 'டி' போடுகிறோமல்லவா, அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. மேலதிகாரி வேலை சொல்லும்போதுகூட அவருக்கு அந்த 'டி'யைக் காட்டினாராம்.

அதே ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நிற்கிறேன். மேசையிலிருந்து குரல் வருகிறது. "தம்பி, ஆறுதலா எறியும்!"

ஆறுதலா! நான் இன்னும் எறியவே இல்லை, அதற்குள் ஆறுதல் சொல்கிறார். அவ்வளவு நம்பிக்கை என்மேல். கோபத்தில் எறிந்தேன். முதல் பந்து வளையத்தைத் தொடவில்லை. இரண்டாவது பலகையையும் தொடவில்லை. இப்படி ஐந்து ஆட்டம் அவர் ஆறுதல் சொல்வதும் நான் கோட்டைவிடுவதுமாகப் போனது. கடைசியில் நிரோஜன்தான் கேட்டான்.

"ஏன் அண்ணா அவசரப்பட்டு எறியிறீங்கள்? அண்ணை லாங்ஸாம் எண்டு கத்துறாரே."

"எங்க சொன்னார்? ஆறுதலான்னுதானே சொன்னார்?"

"அதுதான். ஆறுதலா எண்டா லாங்ஸாம், மெதுவா. டைம் எடுத்துச் செய்யிறது."

இரண்டு மாதமாக ஒரு மனிதர் எனக்கு நல்லது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவரை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் ஆறுதலாக எறிந்தேன். ஆறில் நான்கு விழுந்தது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தும்விட்டோம். பருவம் முழுவதற்கும் எங்கள் ஒரே வெற்றி அதுதான்.

தோற்பது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, பழகிவிட்டது. ஐந்து பேர் இல்லாமல் போவதுதான் பிரச்சினை. எங்கள் லீக்கில் மூன்று முறை ஆளில்லாமல் ஆட்டத்தைக் கைவிட்டால் அணியையே நீக்கிவிடுவார்கள். தேர்வு நேரத்தில் நான்கு பேர் மட்டும் போய் ஒரு முறை கைவிட்டோம். இரண்டாவது முறை கார்த்திக்கின் திருவிளையாடல். ஜெர்மனியில் நொய்ஸ்டாட் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் உண்டு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த நொய்ஸ்டாட்டை விட்டுவிட்டு, பாதி அணியை ஏற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் தள்ளியிருந்த நொய்ஸ்டாட்டுக்குக் காரை விட்டான். "ப்ரோ, மேப்ல அதுதான் ஃபர்ஸ்ட் வந்துச்சு" என்றான்.

மிச்சமிருந்தது கடைசி ஆட்டம், எங்கள் கூடத்தில், சனிக்கிழமை நான்கு மணிக்கு. காய்ச்சலில் மூன்று பேர், ஊருக்குப் போனவன் ஒருவன். மீதி சரியாக ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள் நிரோஜன். கொலோனில் ஒன்றுவிட்ட அக்காவின் கல்யாண எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, போனவன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். மூன்றே முக்காலுக்கு போன் செய்தான்.

"அண்ணா, ட்ரெயின் வயலுக்குள்ள நிக்குது. ஏனெண்டு ஒருத்தரும் சொல்லீனம் இல்லை."

நான்கு மணி. நாங்கள் நான்கு பேர். எதிரணி பத்துப் பேர் சுடச்சுடப் பயிற்சி செய்கிறார்கள். விதிப்படி பதினைந்து நிமிடம் காத்திருக்கலாம், அதற்கு மேல் கிடையாது. அந்தப் பதினைந்து நிமிடத்தை அளப்பவர் உலகத்தில் யாருக்கும் அரை விநாடி விட்டுக்கொடுக்காத மனிதர். மேசைக்குப் போய்க் குனிந்தேன்.

"அண்ணை, கொஞ்சம் மெதுவா ஓட விடுங்க. யாருக்கும் தெரியாது."

"நேரத்தில கள்ளம் செய்ய ஏலாது தம்பி."

"டீமையே எடுத்துருவாங்கண்ணை. இந்தச் சனிக்கிழமை நேரத்தை பேட்மின்டன்காரங்களுக்குக் கொடுத்துருவாங்க."

"தெரியும். பன்னிரண்டு நிமிசம் இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "உங்களுக்கு இது வெறும் கடிகாரம். எங்களுக்கு இந்த ஊர்ல இதைவிட்டா வேற என்ன இருக்கு?" என்று கத்திவிட்டேன். வாரம் முழுக்க ஆய்வகத்தில் வாய் திறக்காத நாங்கள், வாய்விட்டுக் கத்துவது சனிக்கிழமை மட்டும்தான். கண் கலங்கியதை மறைக்கத் திரும்பிப்போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பலகையில் எட்டு நிமிடம் இருக்கும்போது அண்ணை எழுந்து வந்தார்.

"பந்துப் பைக்குள்ள அந்த அட்டை கிடக்கோ?"

"எந்த அட்டை?"

"பத்தாவது கோடு."

பையைத் தலைகீழாகக் கொட்டினோம். வாழைப்பழத் தோலுக்கும் நாறிய காலுறைக்கும் நடுவில் கிடந்தது. நடுவர் அட்டையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். படத்தில் மீசை இருந்தது, நேரில் இல்லை. மூன்று முறை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எதிரணி மாற்று ஆட்டக்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார், நல்ல மனுஷன். மிச்சமிருந்த நேரத்தில் பாதியை, பொத்தானை எப்படி அழுத்த வேண்டும் என்று அவருக்கு வகுப்பெடுப்பதில் அண்ணை செலவழித்தார். பிறகு மூன்று கடிகாரங்களையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் வெறும் கையோடு நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் எண் சட்டை, வேலைக்குப் போடும் நீளக் காற்சட்டை, மைதானம் துடைக்கும்போது போடும் ரப்பர் சப்பாத்து. ஒரு நிமிடம் நாற்பது விநாடி மிச்சமிருக்கையில் ஐந்து பேராக நின்றோம். ஆட்டம் தொடங்கியது.

ஏழு நிமிடம் ஆடினார். ஆடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மைதானத்தின் நடுவில், அவரே வாரா வாரம் துடைக்கும் வட்டத்துக்குள் நின்றார். யாராவது எச்சில் துப்பினால் பேசினார். ஒருமுறை பந்து தவறிப்போய் அவர் கைக்கு வந்தது. "இப்ப இதை என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்வதற்குள் இரண்டு மீட்டர் உயர ஆள் ஒருவர் வந்து மோத, இரண்டு பேரும் விழுந்தார்கள். வளையத்துக்கு எறியத்தான் போனார் என்று நினைத்து நடுவர் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்.

கோட்டில் நிற்கிறார். நான் கத்தினேன். "அண்ணை, ஆறுதலா எறியுங்கோ!"

சிரித்தார். பிறகு பந்தைத் துடைத்தார். சட்டையை இழுத்துவிட்டார். வளையத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். ஐந்து விநாடி தாண்டிவிட்டது என்று நடுவர் ஊதிவிட்டார்.

"ஆறுதலா எண்டு நீர்தானே சொன்னனீர்?" என்றார், நிஜமான கோபத்தோடு.

இரண்டாவதை இரண்டு கையாலும் கீழிருந்து, வாளித் தண்ணீரை வீசுவதுபோல எறிந்தார். விழுந்தது. யோனாஸ் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட, எதிரணிப் பெஞ்சும் எழுந்து கை தட்டியது. அந்த நேரம் பார்த்து, கல்யாணப் பட்டுவேட்டியோடு நிரோஜன் வாசலில் ஓடி வந்தான். அண்ணை அவனை ஒரு நிமிடம் பேசிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினார்.

இருபத்தாறு புள்ளியில் தோற்றோம். ஆனால் அணி பிழைத்தது. இன்றைக்கும் அந்தக் கல்லூரியில் கூடைப்பந்து அணி இருக்கிறது. சனிக்கிழமை அந்தக் கூடம் அவர்களுடையதுதான். இப்போது அங்கே கத்துகிற யாருக்கும் எங்களைத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விண்ணப்பத்தில் கடைசிக் கோட்டில் மட்டும் ஒவ்வொரு வருடமும் அதே பெயர் இருக்கிறதாம்.

படிப்பு முடிந்து எர்லாங்கனில் வேலை கிடைத்தது. நான் கிளம்பிய மத்தியானம் அண்ணை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொட்டலம். பலகையில் என் ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று விழுந்தது. இரண்டு நிமிடம் பிந்திய டிராமுக்கு மூன்று பக்கத்தில் புகார்க் கடிதம் எழுதுகிறவர் அவர். யாரைப் பிடித்துப் பேசப்போகிறாரோ என்று பார்த்தேன்.

அண்ணை பலகையைப் பார்த்தார். மூன்று கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, நடைமேடை நடுவில், 'டி' போட்டார்.

"டைம் அவுட் தம்பி. இரும், ஆறுதலா சாப்பிடுவம்."

அன்றைக்கு அவர் யாரையும் பேசவில்லை. நானும் அதிகம் கதைக்கவில்லை, கதைத்திருந்தால் அழுதிருப்பேன். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். சரியாக நாற்பதாவது நிமிடம் ரயில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம்.