மதிப்பெண் சித்தரும் இரண்டு சசிகலாக்களும்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம் வடக்குப்பட்டுத் தென்னந்தோப்பில் தேங்காய் விழுந்தால் தரையில் விழாது. ஏதாவது ஒரு தகப்பன் தலையில்தான் விழும். அவ்வளவு கூட்டம். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேன். வந்தவர்கள் கையில் பிளாஸ்டிக் ஃபைல், ஃபைலுக்குள் பிள்ளையின் மார்க் ஷீட்.

தோப்புக் கொட்டகையில் இருந்தவர் மதிப்பெண் சித்தர். சித்தர்கள் பதினெட்டுப் பேர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் பத்தொன்பதாவது. முன்னவர்கள் மூலிகை கண்டார்கள், இவர் மார்க் கண்டார். பிள்ளையின் ப்ளஸ் டூ மார்க்கைக் கண்ணை மூடிச் சொல்லிவிட்டு, என்ன கோர்ஸ், எந்தக் காலேஜ் என்பதையும் அருளுவார்.

வாசலில் டோக்கன். பெயர், ராசி, பரீட்சைப் பதிவு எண் மூன்றையும் எழுதித் தரவேண்டும். பதிவு எண்ணைக் கூட்டினால் வருவதுதான் விதி எண்ணாம். பிறகு ஒரு மணி நேரக் காத்திருப்பு. அப்போது உள்ளறையிலிருந்து 'கிர்ர்ர்... கீய்ங்' என்று ஒரு ஓசை வரும். சித்தரின் மூலமந்திரம் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தோப்புக்குள் புதிதாக டெலிபோன் கம்பி இழுத்திருந்தார்கள். சித்தருக்கு எதற்கு டெலிபோன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

கடைசியில் சிஷ்யன் திருமலை ஒரு தட்டில் வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து வைப்பான். சித்தர் தட்டைப் பார்ப்பார், கண்ணை மூடுவார், மார்க்கைச் சொல்வார். மேஷமோ மீனமோ, எல்லார் கிரகமும் ஒரே வாசலைக் காட்டின: நெடுஞ்சாலை ஓரத்தில் இன்னும் வெள்ளையடித்து முடியாத ஒரு புதுப் பொறியியல் கல்லூரி. ஒன்பது கிரகங்களும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்தது வானத்தில் அதுதான் முதல் தடவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் ரகுபதியும் நின்றார். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இரும்புத் தண்டில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண். ஆனால் மகள் சசிகலாவுக்கு வந்திருந்த கவுன்சலிங் புத்தகத்தைக் கண்டால் அந்தக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலேஜ் கோடு, பிராஞ்ச் கோடு, கட் ஆஃப். இரண்டு முறை திறந்தார், இரண்டு முறையும் மூடினார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். புரியவில்லை என்று மகளிடம் சொல்ல வெட்கம். தோப்பில் அந்த வெட்கம் தேவைப்படவில்லை. அங்கே நின்றவர்கள் எல்லாருமே புரியாதவர்கள்.

சர்ச் தெரு யாக்கோபும் வந்திருந்தார். மார்க் விஷயத்தில் மதபேதம் ஏது? அவர் மகனுக்குத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்று சித்தர் சொன்னார். யாக்கோபு அழுதேவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரகுபதி மகளிடம் விவரித்தார்.

"புட்டுப் புட்டு வெச்சிட்டாரும்மா. யாக்கோபு ஆடிப்பூட்டாரு. நாளன்னிக்கி லீவு போட்டுகினு நாம போறோம்."

சசிகலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் மார்க்கு எனக்குத் தெரியும், உனுக்கும் தெரியும். தெரிஞ்சத சொல்றதுக்கு எதுக்குப்பா இன்னொரு ஆளு?"

"சாமி விஷயத்துல எதிர்த்துப் பேசாத."

"டோக்கன்ல இன்னா கேட்டாங்க?"

"பேரு, ராசி, ரிஜிஸ்டர் நம்பரு."

"அந்த நம்பர் இல்லாம யாருக்காச்சும் சொன்னாரா?"

ரகுபதி, மகளிடம் மாட்டிக்கொண்ட தகப்பன்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். கோபித்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து மனைவி சந்திரம்மாள் மட்டும், "அது கேக்கறதுல இன்னா தப்பு கீது?" என்றாள்.

மறுநாள் காலை ஷிஃப்ட். அவருக்கு முதல் வேலை, சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் ஒரு பீஸை எடுத்துச் சோதனை மெஷினில் வைப்பது. அது கோணல் பீஸ் என்று எல்லாருக்கும் தெரியும். மெஷினும் 'கோணல்' என்று சொன்னால் மெஷினை நம்பலாம். 'நல்ல பீஸ்' என்று பச்சை விளக்கு எரிந்தால் கோளாறு மெஷினில். பதினோரு வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. அன்று பீஸை வைத்த கை அப்படியே நின்றது.

ஒரு மெஷினை நம்புவதற்கே கம்பெனியில் தினம் ஒரு சோதனை வைக்கிறோம். மகளின் நாலு வருஷத்தை ஒருவரிடம் கொடுக்கப் போகிறோம், அவரை எந்தப் பீஸை வைத்துப் பார்த்தோம்?

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அடுத்த தெரு முனியம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் மகள் பெயரும் சசிகலா. அதே பள்ளிக்கூடம், ஆனால் காமர்ஸ் குரூப்.

"உம் பொண்ணு ரிஜிஸ்டர் நம்பரு வேணும் முனியம்மா."

"இன்னாத்துக்குண்ணா?"

"ஒரு மெஷின செக் பண்ணணும்."

விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சசிகலா சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனார். டோக்கனில் அவள் பெயரை எழுதினார், ராசியை எழுதினார், முனியம்மாள் மகளின் எண்ணை எழுதினார். பெயர் ஒன்றே என்பதால் எண் மாறியது யார் கண்ணிலும் படாது. மகனுக்குக் காலேஜ் வாசல் எந்தத் திசை என்று கேட்க மறந்துபோன யாக்கோபும் மறுபடி வந்து நின்றார். மூலமந்திரம் கேட்டது. தட்டு வந்தது. சித்தர் கண்ணை மூடினார்.

"எழுநூத்து எம்பத்தொண்ணு."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது.

"அக்கவுண்டன்சியில நூத்தி எழுபத்தாறு. புதன் உச்சத்துல நிக்கிறான். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் எடுத்துக்கோ. கிழக்கு பார்த்த வாசல், புதுக் கட்டடம்."

அக்கவுண்டன்சி படித்த பெண்ணை இன்ஜினீயரிங்கில் சேர்க்கிற வித்தை அரசாங்கத்துக்கே தெரியாது. புதன் பகவானுக்குத் தெரிந்திருந்தது.

ரகுபதி ஃபைலைத் திறந்து மார்க் ஷீட்டை உயர்த்திக் காட்டினார். "சாமி, எம்பொண்ணு மேத்ஸ் குரூப்பு. மார்க்கு ஆயிரத்து நாப்பத்து மூணு."

சித்தர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கிரகக் குழப்பம்."

"குழப்பம்லாம் இல்ல சாமி. நம்பர நான்தான் மாத்திக் குட்த்தேன். நீங்க சொன்னது முனியம்மா பொண்ணு மார்க்கு. அத்த கரெக்டா சொல்ட்டீங்க. உங்களுக்கு நம்பரு தெரியுது. எதுருல நிக்கிற பொண்ணுதான் தெரியல."

சொல்லிக்கொண்டே தட்டிலிருந்த வெற்றிலையைத் தூக்கினார். கீழே பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு: பாடவாரியாக மார்க். அந்த நேரம் பார்த்து உள்ளறையில் மூலமந்திரம் மறுபடி ஒலித்தது. யாக்கோபு போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், 'கிர்ர்ர்' என்று இன்டர்நெட்டை இழுக்கிற டெலிபோன் கம்பி, அடுத்த பதிவு எண்ணைத் தட்டிக்கொண்டிருந்த திருமலை. தேர்வு முடிவு இன்டர்நெட்டில் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

சித்தர் தாடியோடு வேனில் ஏறிப் போனார். வேனின் பக்கவாட்டில் அந்தப் புதுக் கல்லூரியின் பெயர் எழுதியிருந்தது. அதற்குப் பிறகும் நாலு பேர், "ஆனா எழுநூத்து எம்பத்தொண்ணு கரெக்டாத்தானே சொன்னாரு" என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ரகுபதி கவுன்சலிங் புத்தகத்தை மகள் முன்னால் வைத்தார். "எனக்கு இதுல ஒண்ணும் புரியலம்மா. நீ படிச்சிக் காட்டு."

அதைச் சொல்லி முடிக்க அவருக்குப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. சசிகலா தரையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படித்தாள். அவர் கேட்டார்: போன வருஷம் எந்தக் கட் ஆஃப்ல மூடினாங்க, ஒர்க்‌ஷாப்பு எத்தினி கீது, ஹாஸ்டல் எவ்ளோ தூரம், இதுல நீ இன்னா படிப்ப. கடைசிக் கேள்விக்குத்தான் அவள் ரொம்ப நேரம் பதில் சொன்னாள். மெஷின் எப்படிச் செய்கிறார்கள் என்று படிக்க ஆசையாம். நாலு நாளில் இருபது இடங்களை வரிசையாக எழுதினார்கள். சந்திரம்மாள் ஜெராக்ஸ் காப்பிகளை அடுக்கிக் கட்டி வைத்தாள்.

சென்னையில் கவுன்சலிங் ஹாலில் பெரிய திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருந்தன. இவர்கள் எழுதிய முதல் இடம் போய்விட்டது. இரண்டாவதும் போனது. ரகுபதி பட்டியலில் மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"பேரன்ட் என்ன சொல்றீங்க?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"படிக்கப் போறது அவ சார். அவளயே கேளுங்க."

ஒரு அரசுக் கல்லூரியில் புரொடக்‌ஷன் இன்ஜினீயரிங். சசிகலா கையெழுத்துப் போட்டாள்.

தோப்பு காலியாகிவிட்டது என்று யாரும் வருந்த வேண்டாம். ஆடி பிறப்பதற்குள் பக்கத்து ஊரில் ஒரு அம்மையார் தோன்றிவிட்டார். உள்ளங்கையைப் பார்த்து, வேலை கிடைக்கும் தேதி சொல்கிறாராம். வரிசை சாலை வரைக்கும் நிற்கிறது. போகிற பெற்றோர் தாராளமாகப் போகலாம். போகிற வழியில் பிள்ளையிடம், "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று ஒருமுறை கேட்டுத் தொலையுங்கள். அதைக் கேட்பதற்கு ராகுகாலம், எமகண்டம் எதுவும் குறுக்கே வராது. அப்படியே உங்கள் மூளைக்கும் கொஞ்சம் வேலை கொடுத்துப் பாருங்கள். அது இன்றுவரை யாரிடமும் ஓவர்டைம் கேட்டதில்லை.