ரிப்பனுக்குப் பின்னால் ஒரு லேசர்

டாக்டர் எபுன் கத்தரிக்கோலும் கையுமாகக் கண் பிரிவுக்குள் பாய்ந்தபோது, நான் லேசர் இயந்திரத்தின் மேல் குப்புற விழுந்து நாகரிகத்தைக் காப்பாற்றினேன்.

மிகையில்லை. மனிதகுலம் நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்துவிட்டு, முறைப்படி திறந்துவைக்க ஆளில்லாமல் வெகுகாலம் தடுமாறியது. ரிப்பன் வந்த பிறகுதான் உலகம் ஒழுங்குக்கு வந்தது. எங்கள் மாநிலத்தில் ரிப்பன் வெட்டாத குழாயில் தண்ணீர் வராது. வெட்டிய பிறகும் வராது. அது வேறு துறை.

நான் அடெக்போயேகா. அரசு மருத்துவமனையின் நெறிமுறை அலுவலர். இயந்திரம் வந்திறங்கிய அன்றே சிவப்பு ரிப்பன் சுற்றி, என் கையாலேயே இரட்டை முடிச்சுப் போட்டவன்.

"நகருங்க ஐயா," என்றார் டாக்டர். "மொரெனிக்கே அம்மாவுக்கு வலது கண் விழித்திரையில ஓட்டை. இப்பவே அதைச் சுத்தி லேசர்ல பொட்டு வெச்சா ஒட்டிக்கும். பத்து நிமிஷ வேலை. விட்டா மொத்தத் திரையும் உரிஞ்சு வந்துடும்."

"அமைச்சர் ரிப்பன் வெட்டுற வரைக்கும் அது மிஷினே இல்ல டாக்டர். பார்சல்."

மொரெனிக்கே ஊரறிந்த தையல்காரி. கண்ணோரம் மின்னல் வெட்டுகிறது, கண்ணெதிரே ஈ பறக்கிறது என்று வந்தவர். இதே லேசர் லாகோஸ் நகரில் தனியாரிடம் உண்டு. தையல்காரிக்கு அது அங்கே இருப்பதும் நிலாவில் இருப்பதும் ஒன்றுதான். விவகாரம் மருத்துவமனை இயக்குநரிடம் போனது. அவரும் கண் மருத்துவரே. பதவி வந்த நாள்முதல் கண்ணைத் தொடாதவர். ஆழ்ந்து யோசித்து, ஓட்டையைக் 'காத்திருப்பு நிலையில்' வைக்க உத்தரவிட்டார். ஓட்டைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

சுகாதார அமைச்சர் மாண்புமிகு ஒலாவுயி தேதி கொடுத்தார். அன்றைக்குப் பார்த்துக் கட்சிப் பிரமுகரின் தாயாருக்கு இறுதிச் சடங்கு. இரண்டு இசைக்குழுக்கள், விடிய விடிய ஆட்டம். அமைச்சர் ஆடாவிட்டால் இறந்தவர் மனம் என்ன பாடுபடும்? அடுத்த தேதி, விழாத் துணி தைத்து முடியாததால் தள்ளிப்போனது. விழா என்றால் அழைக்கப்பட்ட அத்தனை பேரும் ஒரே துணியில் உடுத்தி நின்றாக வேண்டும். தைக்கும் வேலையை நான் மொரெனிக்கேவுக்கே வாங்கிக் கொடுத்தேன். நோயாளிக்கே வேலைவாய்ப்பு. 'ஒருங்கிணைந்த நலத்திட்டம்' என்று மேலிடத்துக்குத் தெரிவித்தேன்.

அவரும் ஓய்வில்லாமல் தைத்தார். துணி முடிந்தால் விழா, விழா நடந்தால் கண் என்பது அவர் கணக்கு. நான் மேற்பார்வையிடப் போனபோது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் முடிச்சுத் தந்துடறேன் ஐயா," என்றார். "இந்தத் தடவையாவது யாரையும் சாக விடாதீங்கன்னு உங்க அமைச்சர்கிட்ட சொல்லி வைங்க."

விழா வெள்ளிக்கிழமை என்று உறுதியானது. அந்த வாரத் தொடக்கத்தில் டாக்டர் எபுனைக் கிராம முகாமுக்கு அனுப்பினார் இயக்குநர். செவ்வாய்க்கிழமை லேசர் அறையில் 'தூசி தட்டும் பணி' நடப்பதால் கதவருகே என்னைக் காவல் நிற்கச் சொன்னார். தூசிக்கே இவ்வளவு மரியாதை தரும் நிர்வாகம் வேறெங்கே உண்டு? நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மறுநாள் பார்த்தால் ரிப்பனில் என் இரட்டை முடிச்சைக் காணோம். அழகான பூமுடிச்சு இருந்தது. இயக்குநரின் கலையுள்ளத்தை வியந்தேன்.

வெள்ளிக்கிழமை பந்தல், பேசும் மேளம், ஜொலோஃப் சோற்றின் மணம். எல்லோரும் நீலத்துணியில். இயந்திரத்தை மேடைக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். பெருங்குடை சுழல எங்கள் ஊரின் பரம்பரை அரசர் வந்தார். அரசர் முன்னால் பெண்கள் மண்டியிடுவார்கள். ஆண்கள் அமைச்சரானாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள். இயக்குநர் விழுந்தார். நான் விழுந்தேன். அமைச்சர் நின்றார். லேசாக இமையை மட்டும் தாழ்த்தினார்.

மேளம் நின்றது. குடை நின்றது. தேர்தலோ அருகில்; ஊர் ஓட்டுப் போடுவது அரசர் முகம் பார்த்து.

அரசர் மைக்கை வாங்கினார். "ஒலாவுயி, உங்கப்பன் எங்கப்பா முன்னால விழுந்தவன். உனக்கு எப்ப முளைச்சுது இந்த முதுகெலும்பு?"

அமைச்சரின் நீல அங்கி வியர்வையில் கறுத்தது. "மன்னிக்கணும் கபியேசி, மகாராஜா. ஆணவம் இல்ல. செவ்வாய்க்கிழமைதான் கண்ணுல லேசர் வெச்சாங்க, உள்ள சின்ன ஓட்டை. ரெண்டு வாரத்துக்குத் தலையைக் கீழ போடாதே, பாரம் தூக்காதேன்னு டாக்டர் உத்தரவு."

அரசர் முகம் இளகியது. "அடப்பாவமே. துபாய்லயா?"

பிழைத்த மகிழ்ச்சியில் அமைச்சருக்கு நாட்டுப்பற்று பொங்கிவிட்டது. "எதுக்கு கபியேசி துபாய்? நம்ம ஊர்லயே. இதோ, இந்த மிஷின்தான்."

யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டார். பந்தல் முழுவதும் ரிப்பனைப் பார்த்தது.

"அப்போ எதைத் திறக்கறதுக்கு என்னைக் கூப்பிட்டே?" என்றார் அரசர்.

நெறிமுறை நெறிமுறைதான். அமைச்சர் குனிய வேண்டாமே என்று ரிப்பனை அவர் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். வெட்டினார். இயந்திரம் பிறந்தது. 'முதல் பயனாளி' மொரெனிக்கேவைக் கைபிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தோம். முகாமிலிருந்து திரும்பியிருந்த டாக்டர் எபுன் வெகுநேரம் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

"திரை உரிஞ்சு வந்துடுச்சும்மா. இனி லேசர் வெச்சுப் பிரயோஜனம் இல்ல. லாகோஸ்ல பெரிய ஆபரேஷன் பண்ணணும். பண்ணாலும் பழைய பார்வை வருமான்னு தெரியல. கறுப்பா மறைக்க ஆரம்பிச்ச உடனே ஏம்மா வரல?"

மொரெனிக்கே வலப்புறம் இருந்த மைக்கின் பக்கம் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியவில்லை.

"வந்தேனே டாக்டர். செவ்வாய்க்கிழமை லேசர் ரூம் வாசல் பெஞ்சுலதான் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இந்த ஐயாதான் கதவுக்குக் குறுக்கே நின்னுக்கிட்டு, உள்ள பார்சல் துடைக்கிறாங்க, போய் அமைச்சர் அங்கியைத் தைச்சு முடிங்கன்னு அனுப்பி வெச்சார்."