வெள்ளிக்கிழமை ஏழே கால் மணி போனும் கண்ணாடி நூலும்

நாமக்கல்,
புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் குணசீலன் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை பழனியம்மாளின் வீட்டுக்காரன் சுப்பையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சௌக்கியம். குமாரபாளையத்தில் தாங்களும் அக்காவும் பன்னிரண்டு தறிகளும் குறைவில்லாமல் இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து கடிதம் வந்தால் என்னவோ ஏதோ என்று தோன்றும் என்று எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டு போனையும் நெட்டையும் வேறு கம்பெனிக்கு மாற்றுகிறோம், அது பற்றித் தங்களிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் எழுதுவது பழனியம்மாளுக்குத் தெரியாது. மாட்டுக்குத் தவிடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எங்களிடம் இப்போது மாடு இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளை சத்யபிரியா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். மாப்பிள்ளை ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போயிருப்பதால் அவள் இங்கிருந்தபடியே பெங்களூர் கம்பெனி வேலையை கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். எங்களுக்கு வரும் பழைய ஒயர் பக்கத்துத் தோட்டத்து முருங்கை மரத்தைத் தாண்டி வருகிறது. அந்த ஒயரில் தினமும் பத்து மணிக்கு ஒரு மயில் வந்து உட்காருகிறது, அது உட்கார்ந்ததும் நெட் போய்விடுகிறது, பத்து மணிக்குத்தான் இவளுக்கு மீட்டிங், இவள் உண்மையைச் சொல்லப்போக, மேனேஜர் மயிலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல, போட்டோ அனுப்பவும் நெட் வேண்டுமே மச்சான்! லைன்மேனைக் கூப்பிட்டால் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகன் வண்டிங்க, நான் என்னங்க பண்ணட்டும்?" என்று போய்விட்டார். இன்னும் ஒரு மீட்டிங் தவறினால் வேலை இல்லை என்று போன வாரம் கம்பெனியிலிருந்து எழுதிவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே புதுக் கம்பெனியிலிருந்து ரமேஷ்குமார் என்று ஒருவர் பார்க்க வந்தார். மச்சான், நான் லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்தோரு வருடம் போன் எடுத்தவன். கல்கத்தாவில் லாரி கவிழ்ந்ததையும் நாக்பூரில் டிரைவருக்குப் பெண் குழந்தை பிறந்ததையும் இந்தக் காதால்தான் கேட்டேன். போனில் இனி எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை என்று இறுமாந்திருந்தேன். அவர் ஒரு கருப்பு ஒயரை உரித்து உள்ளே இருந்ததை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்தது எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியில் இழுத்த நூல்! நூலில் பிறந்து நூலில் வளர்ந்த தாங்கள்கூட அப்படி ஒரு மெல்லிய இழையைப் பார்த்திருக்கமாட்டீர்கள். அதற்குள் கரண்ட் ஓடாதாம், வெளிச்சம்தான் ஓடுமாம். நாம் பேசும் பேச்சு வெளிச்சமாகிப் போய் அந்தப் பக்கம் மறுபடி பேச்சாகிறதாம். பிறகு அறுந்த இரண்டு முனைகளை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டும் ஒன்றையொன்று தேடி வந்து நேருக்கு நேர் நின்றன, பொட்டென்று ஒரு வெளிச்சம், ஒட்டிக்கொண்டன. முடிச்சு இல்லை மச்சான்! அறுந்த இடம் எது என்று மூக்குக் கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ரமேஷ்குமார், "ஏனுங்கய்யா, முள்ளு ஏறிருச்சுங்களா?" என்று கேட்டார்.

அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பேன். அதற்குள் அவர், "பழைய நம்பர் போயிருமுங்க, புது நம்பர்தான் வரும். புது போன்ல கூப்பிடறவங்க நம்பர் பளிச்சுனு தெரியுமுங்க" என்று பெருமையாகச் சொன்னார். பழனியம்மாள் காபி டம்ளரோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்று தங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சத்யபிரியா கல்யாணத்தில் மைக்கில் ஒருவர் எல்லார் பெயரையும் வரிசையாகச் சொல்லி, தாய்மாமன் என்று தங்கள் பெயருக்கு வந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடி மைக் வருவதற்குள் அந்த மனிதர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வேண்டுமென்றே நிறுத்திவிட்டோம் என்று நினைத்துத் தாங்கள் தலையில் கட்டிய உருமாலையைக் கழற்றி வைத்து, "இனி இந்த ஊட்டாளுங்களோட போன்லகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சபையில் சொல்லிப் போனீர்கள். சொன்ன சொல் தவறாதவர் தாங்கள். பேசவே இல்லை. ஆனால் வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்கு எங்கள் பழைய போன் அடிக்கிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை, தறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

பழனியம்மாளும் "அலோ" என்பதற்குமேல் போனில் பேசமாட்டாள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சத்தமாகப் பேசுவாள். "ஏனுங்க, சத்யாவுக்குக் காச்சல் உட்டுருச்சுங்க", "ஏனுங்க, எனக்குச் சக்கரை கொறஞ்சிருச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்று, எனக்குத் தெரிந்த சேதியையே எனக்குச் சொல்லுவாள். முதல் வருடம் இவளுக்கு மறதி வந்துவிட்டது என்று நான் டாக்டரிடம்கூடக் கேட்டேன். போனை வைத்ததும், "மூணாவது தறி இன்னும் நொண்டுது, ஆள் பாக்கலியாட்ட இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். பன்னிரண்டு தறிச் சத்தத்தில் ஒரு தறி நொண்டுவதை நாற்பது மைலுக்கு இப்பால் இருந்து ஒருத்தி கேட்கிறாள்! கண்ணாடி நூலைப் பார்த்து வாயைப் பிளந்தவன், அதற்கு முன்பே இதற்கல்லவா பிளந்திருக்க வேண்டும்?

பிள்ளையின் வேலையா, வெள்ளிக்கிழமை போனா என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பழனியம்மாள், "கோயில்ல பூக் கேட்டுருவோம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனோம். வெள்ளைப் பூ வந்தால் மாற்றுவது, சிவப்பு வந்தால் பழையதே இருப்பது. அவளே இரண்டு பூவையும் இலையில் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டாள். பூசாரி எதற்குப் பூ என்று கேட்டார். நெட்டுக்கு என்றதும், "கெணத்துக்குக் கேப்பாங்க, பொண்ணுக்குக் கேப்பாங்க, இதுக்குக் கேக்கறது நீங்கதானுங்க மொதலு" என்றார். நான் ஒன்றை எடுத்தேன். வெள்ளை. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கோயிலைச் சுற்றப் போய்விட்டாள். எனக்குக் கை சும்மா இருக்காது என்பது தாங்கள் அறிந்ததே. இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை, மச்சான்.

பிள்ளைக்காக அண்ணனை விட்டுக்கொடுத்துவிட்டாள், அந்தப் பாரத்தையும் சாமி தலையில் போட்டுவிட்டாள். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்தேன்.

வருகிற சனிக்கிழமை புது லைன் கொடுக்கிறார்கள். ஆகவே தங்கள் காலைத் தொட்டுக் கேட்பது இதுதான். புது நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எப்போதும்போல் ஏழே காலுக்குக் கூப்பிடுங்கள். பேச வேண்டாம், தங்கள் சொல் தங்களோடு இருக்கட்டும். நம்பர் தெரியும் இடத்தில் நான் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறேன். மயில் உட்கார்ந்தாலும் இனித் தறிச் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று ரமேஷ்குமார் உறுதி சொல்லியிருக்கிறார்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் மகன் கௌசிக்குக்கும் தறிக்கூடத்து ஆட்களுக்கும் என் அன்பு. எல்லாருக்கும் நூலும் வேலையும் தடையில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்
சுப்பையன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிய பிறகும் பெட்டியில் போடத் தைரியம் வராமல் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. ஏழே காலுக்குப் போன் அடித்ததும், பழனியம்மாள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க, நாளைக்கு நம்ம நம்பர் மாறுதுங்க, எழுதிக்கோங்க" என்று ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நானும் மடையன் மாதிரி காலண்டரில் எழுதிக்கொண்டேன். இவள் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை, பூப் பொட்டலம் கட்டும்போதே இதை முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்கு உறைப்பதற்குள், தறிக்காரரான தங்கள் குரல் அல்லவா, அத்தனை தறிச் சத்தத்துக்கும் மேலே, ரிசீவரைத் தாண்டி எங்கள் கூடம்வரை கேட்டது: "ஏ அம்மணி, கடைசில ஏழா, ஒம்போதா?"

"ஏழுங்கண்ணா" என்றாள். பிறகு வெகுநேரம் ரிசீவரை வைக்காமல் அழுதுகொண்டிருந்தாள். ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி வேலை இல்லை, தபால்தலை வீணாகக்கூடாது என்றுதான் அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் சீட்டை மட்டும் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். அதில் நான் கடைசி எண்ணை ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்.