மூன்றாவது கோழி

மூன்றாவது கோழியும் அறுபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும் பர்ஸான் மோட்டார் சைக்கிளைப் பெரியநீலாவணைப் பக்கம் திருப்பினான்.

கல்முனையில் அவன் ஒரு சிறுவர் நிலையம் நடத்திவந்தான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. கொப்பி, புத்தகமெல்லாம் ஜெர்மனியிலிருந்து ஒரு சங்கம் அனுப்பும். இந்த முறை ஒரு தொண்டரையும் அனுப்பியிருந்தது. பெயர் ஹன்னா, வயது இருபத்திரண்டு. ஏழைக் குடும்பத்தோடு ஒரு மாதம் தங்கி, பிள்ளைகளுக்குப் படிப்பித்து, வறுமையை நேரில் கண்டு எழுத வேண்டும். அவள் எழுதுவதைப் பார்த்துத்தான் அடுத்த வருடமும் வகுப்பு நடக்குமா என்று சங்கம் முடிவெடுக்கும்.

பர்ஸான் பெரியநீலாவணையில் நேசம்மாவின் வீட்டைத் தேர்ந்தெடுத்தான். கணவர் கனகசிங்கம் அடுத்தவர் தோணியில் கடலுக்குப் போகிறவர். மகள் தர்மிகாவும் அவள் தம்பியும் பர்ஸானின் வகுப்புக்கு வருகிறவர்கள். கூரையில் பாதி தகரம், பாதி தார்ப்பாய்ப் படங்கு. இதைவிடப் பொருத்தமான வீடு கிடைக்காது.

முதல் நாளே ஹன்னா போனில் அழைத்தாள். "பர்ஸான், இங்கே காலையில் மீன், மத்தியானம் கோழி. இவர்கள் உண்மையிலேயே ஏழைகளா?"

பர்ஸான் ஓடினான்.

"அக்கா, அவவுக்கு விசேஷமா ஒண்டும் வேணாம். பழஞ்சோறு குடுத்தாலும் சாப்பிடுவா."

நேசம்மா வாயில் கை வைத்தாள். "பழஞ்சோறா தம்பி?"

மறுநாள் இரண்டாவது கோழி போனது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கட்டிலும் வந்து சேர்ந்தது. பர்ஸான் மறுபடியும் ஓடினான்.

"கட்டில் எதுக்கு அக்கா? நிலத்தில பாய் போட்டாக் காணும். அவ கேட்டு வந்ததே அதுதான்."

"வெறும் நிலத்திலயா? அந்தப் புள்ளைக்கு ஊரில ஆருமில்லையா?"

"எல்லாரும் இரிக்காங்க. சம்பளமும் இல்லாம அவவாத்தான் வந்தா."

நேசம்மா கனகசிங்கத்தைப் பார்த்தாள். கனகசிங்கம் கூரையைப் பார்த்தார். மூன்றாவது கோழியின் விதி அந்த இடத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இன்று பர்ஸான் போய்ச் சேர்ந்தபோது ஹன்னா வாசல் படலையடியில் அழுதுகொண்டு நின்றாள்.

"தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். தர்மிகாவும் தம்பியும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி முழுவதும் என் கோப்பையில்! அது முட்டையிடுகிற கோழி, பர்ஸான். நான் போகிறேன்."

பர்ஸானுக்கு வியர்த்தது. மூன்றாம் நாளே இவள் போய்விட்டால் என்னத்தை எழுதுவாள்? வகுப்பு என்ன ஆகும்? அடுப்படிக்குப் பாய்ந்தான்.

"அக்கா, அல்லாஹ்வுக்காக இனி ஒண்டும் சமைக்காதீங்க. புள்ளைகளோட இருந்து அவவும் சம்பலே சாப்பிடட்டும். இல்லாட்டி வீட்ட விட்டுப் போயிருவா."

"எங்க போவா?"

"அது அவவுக்கே தெரியா!"

நேசம்மாவின் கண் கலங்கியது. மறுபேச்சில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். அப்பாடா, ஒருவழியாக விளங்கிவிட்டது என்று பர்ஸான் நினைத்தான்.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஒரு பெண் சுளகில் அரிசியோடு வந்தாள். இன்னொருத்தி கருவாட்டோடு வந்தாள். மூன்றாமவள் கொண்டுவந்த பழைய சட்டையை ஹன்னாவின் தோளில் வைத்து அளவு பார்த்து, "கொஞ்சம் பிடிச்சுத் தைச்சாச் சரி" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். வந்தவர்களின் கூரைகளிலும் படங்குதான் என்பது பர்ஸானுக்குத் தெரியும்.

ஹன்னா மிரண்டுபோனாள். "இவர்களிடமே ஒன்றுமில்லை. எனக்கு ஏன் தருகிறார்கள்?"

பர்ஸானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இதுதான் எங்கள் கிழக்கு மாகாணம். விருந்தாளி என்றால் உயிரையும் கொடுப்பார்கள். இதை அப்படியே எழுது."

ஹன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். வகுப்பு தப்பியது என்று பர்ஸான் மூச்சு விட்டான்.

அப்போது தர்மிகா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சேர், இந்த அக்காட முழுப்பேர் என்ன? எங்களவிடக் கஷ்டப்பட்ட ஆளாம், நிவாரண லிஸ்டில முதலாவதாப் போடச் சொல்லி அம்மா கிராம விதானையார் வீட்ட நிக்கிறா!"