பேஸ்போல் வீரனின் மனைவிக்கு நான் எடுத்த விசா

நாலாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். அப்படியிருந்தும் டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் கடை திறந்தேன், தமிழருக்கு மண்டபம் எழுப்பினேன், மூன்று பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினேன். இதையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். அதைச் சொன்னால்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ஊரில் விட்டுவந்த மனைவிமாரை இங்கே எடுக்க நாங்கள் போட்ட விண்ணப்பங்கள் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த காலம். எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த கியர்ஸ்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர் டேனிஷ்காரரையும் எங்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு படம் காட்டுவது. முடிந்ததும் எங்கள் மனைவிமாருக்காக அவர்களிடம் ஒரு மனுவில் கையெழுத்து வாங்குவது. படம், ஒரு பேஸ்போல் வீரனின் வாழ்க்கைக் கதை. பழைய கறுப்புவெள்ளை இங்கிலீஷ் படம். இங்கிலீஷ் தெரிந்த மகேசன் மாஸ்டரோ தொழிற்சாலை வேலை முடிந்து பிந்தித்தான் வருவார்.

"அப்ப ஆர் தமிழில சொல்லுறது?"

"நான் இருக்கிறன்," என்று எழுந்தேன். (கொழும்பு ஹோட்டலில் கோப்பை கழுவியபோது வெள்ளைக்காரர் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். போதாதா?)

ஆட்டம் சுலபம். "பொல்லால பந்தடிக்கிற எங்கட எல்லே விளையாட்டுத்தான், கையுறை மட்டும் கூட," என்றேன். "மனிசியை ஊரில விட்டிட்டு வந்து விளையாடுறான், பாவம்," என்றும் சேர்த்துவிட்டேன். அடுத்த நிமிடம் அந்த மனிசியே திரையில் வந்து நின்றாள்.

"அண்ணை, பக்கத்திலதானே நிக்கிறா?"

"அது கனவுக் காட்சியடா!"

அதற்குப் பிறகு அவள் வந்தபோதெல்லாம் கனவுக் காட்சி. கடதாசியோடு வந்த வைத்தியரை விசா அதிகாரியாக்கினேன். கடைசியில் வீரன் மைதானத்தின் நடுவே ஒலிவாங்கி முன் நின்று தழுதழுத்தான். நான் கதிரையில் ஏறிக் கத்தினேன்: "மனிசிக்கு விசா வந்திட்டுதாம்!"

அந்த இடமே அதிர்ந்தது. விசில், கைதட்டல். கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டு பேர் ஆடவே தொடங்கிவிட்டார்கள். கைக்குட்டையும் கண்ணீருமாக இருந்த டேனிஷ்காரர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கியர்ஸ்டன் மனுவை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் வந்து வாசலில் நின்ற மாஸ்டர் பாய்ந்து வந்தார். "டேய், தீராத வருத்தம், உடம்பு ஏலாது, இனி விளையாடமாட்டன் எண்டு அவன் விடைபெறுறான்! நீ இவங்களுக்கு என்னத்தைச் சொன்னனீ?"

சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, அதை அப்படியே டேனிஷில் சொன்னார். பிறகு முன்வரிசையிலிருந்த பன்றிப்பண்ணைக் கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பேனாவைத் தா என்று கை நீட்டினார். ஒருவர் மிச்சமில்லாமல் கையெழுத்திட்டார்கள்.

என் மனைவி வந்து சேர அதற்குப் பிறகும் காலம் எடுத்தது. வந்த கிழமையே கதை அவள் காதுக்குப் போய்விட்டது. இன்றைக்கும் நான் கடை திறந்த வரலாற்றைத் தொடங்கினால், "பிள்ளையள், அப்பான்ர கனவுக் காட்சி துவங்குது," என்பாள்.

இருக்கட்டும். நான் எழுப்பிய தமிழர் மண்டபத்தின் சிறப்பு மலரில் அந்த மனுவுக்காகக் கியர்ஸ்டனுக்கும் மாஸ்டருக்கும் நன்றி போட்டிருக்கிறார்கள். நான் சரியாக மொழிபெயர்த்திருந்தால் எல்லோரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்த பதிப்பில் என் பெயரும் வரவேண்டும். மாஸ்டரின் பெயருக்கு மேலே.